தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு 12 வோல்ட் விளக்கு, ரிலே, ஒரு பழைய மடிக்கணினி

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் திருவிழா வேலை செய்தவர்களுக்குத் தெரியும், விளக்கு வேலை என்றால் கோயிலுக்குப் பின்னால் சுவிட்சுப் பலகையோடு ஒரு பையனை ராத்திரி முழுக்க உட்கார வைப்பதுதான். கரகம் கிளம்பும்போது பாதை விளக்கு, அம்மன் ரதத்தில் ஏறும்போது மண்டப விளக்கு, தீமிதி நேரத்தில் குழிப் பக்கத்து விளக்கு என்று யாராவது ஓடி வந்து சொல்லச் சொல்ல அவன் போட்டு அணைத்துக்கொண்டிருப்பான், கரகத்தை மட்டும் கண்ணால் பார்க்கமாட்டான். அந்தப் பையனாக நான் சில வருஷம் இருந்திருக்கிறேன். இப்போது அந்த வேலையை ஒரு பழைய மடிக்கணினியும், அது சொல்லச் சொல்ல விளக்கைப் போட்டு அணைக்கிற எட்டு ரிலே சுவிட்சும் பார்க்கின்றன. இடைநிலைப்பள்ளியில் படிவம் 4, படிவம் 5 படிக்கிற பிள்ளைகள் எப்படிச் செய்வது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், வாயால் சொன்னால் ஏதாவது ஒன்று விட்டுப் போகிறது, அதனால் முழுசாக எழுதிவிடுகிறேன்.

எழுதப் போகிற எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றே ஒன்று: கணினி நின்றுபோனாலும் ஆள் நடக்கிற பாதை இருட்டாகக் கூடாது. முதல் வருஷம் எனக்கு இது தெரியவில்லை. பால்குடம் வந்துகொண்டிருந்த நேரத்தில் மடிக்கணினி யாரும் தொடவில்லையே என்று தானாகத் தூங்கப் போனது, யூஎஸ்பியில் கரண்ட் நின்றது, எட்டு ரிலேயும் ஒன்றாக விழுந்தது, பாதை முழுக்க இருட்டு. தலையில் குடத்தோடு வந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். யாரும் விழவில்லை, அது அம்மன் புண்ணியம். அன்று ராத்திரியே உட்கார்ந்து எல்லா ஒயரையும் மாற்றிப் போட்டேன்.

ஏன் 12 வோல்ட்

திருவிழாவில் தரை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மஞ்சள் தண்ணீர், பால், மழை, அதன் மேல் வெறுங்காலோடு நூற்றுக்கணக்கான பேர். அந்த இடத்தில் 230 வோல்ட் ஒயரைப் பந்தல் கம்பத்தில் கட்டி இழுப்பது எனக்குப் பிடிக்காது. 12 வோல்ட் டிசியில் (பேட்டரியில் வருகிற மாதிரி ஒரே திசையில் ஓடுகிற கரண்ட்) ஈரக் கையோடு தொட்டாலும் உயிருக்கு ஆபத்து இல்லை என்று நம்பி வேலை செய்யலாம். ஆனால் ஷாக் அடிக்காது என்பதும் தீப்பிடிக்காது என்பதும் வேறு வேறு, அதைப் பியூஸ் பகுதியில் சொல்கிறேன்.

230 வோல்ட் பக்கம் நீங்கள் கை வைக்கவே வேண்டாம். கோயிலில் சாக்கெட் போதவில்லை என்றால் சுருஹான்ஜாயா தெனாகாவில் (அரசாங்கத்தின் எரிசக்தி ஆணையம்) பதிந்த ஒயர்மேனைக் கூப்பிட்டுப் போடச் சொல்லுங்கள். கோயிலின் மெயின் பெட்டியில் இருக்கிற கசிவு பிரேக்கரின் (கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து அணைக்கிற சுவிட்ச்) டெஸ்ட் பொத்தானைத் திருவிழாவுக்கு முந்தின வாரம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், விழுந்தால் சரி, விழாவிட்டால் அதை மாற்றும் வரை ஒரு விளக்கும் போடக் கூடாது. நம் வேலை 230 வோல்ட்டை 12 வோல்ட்டாக்குகிற அடாப்டருக்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. அதுவும் முழுக்க மூடின அடாப்டராக, மூன்று முள் பிளக்கோடு, சிரிம் தர முத்திரை ஒட்டியதாக இருக்க வேண்டும். ஓட்டை ஓட்டையாகத் தகரக் கூடு போட்டு, திருகாணிகள் வெளியே தெரிகிற பவர் சப்ளை மலிவாகக் கிடைக்கும். அதன் 230 வோல்ட் திருகாணியும் அப்படித்தான் வெளியே தெரியும், பந்தலில் பிள்ளைகள் ஓடித் திரிவார்கள், வாங்காதீர்கள்.

முதலில் காகிதம்

சாமான் வாங்கப் போவதற்கு முன்னால் ஒரு தாளில் கோயிலை வரைந்து எந்த விளக்கு எங்கே, எத்தனை மீட்டர் என்று எழுதுங்கள். எல்இடி ஸ்ட்ரிப், அதாவது சின்னச் சின்ன பல்பு பதித்த நாடா, 5 மீட்டர் சுருளாக வரும். சின்னப் பல்பு வைத்த 3528 வகையில் மீட்டருக்கு 60 பல்பு இருந்தால் மீட்டருக்கு 4.8 வாட், ஒரு சுருள் 24 வாட், அதை 12ஆல் வகுத்தால் 2 ஆம்பியர். பெரிய பல்பு வைத்த 5050 வகை அதே 60 பல்புக்கு மீட்டருக்கு 14.4 வாட், ஒரு சுருள் 72 வாட், 6 ஆம்பியர். பார்க்க இரண்டும் ஒரே மாதிரிச் சுருள்தான், இழுக்கிற கரண்ட் மூன்று மடங்கு வித்தியாசம். இதைப் பார்க்காமல் வாங்கி வந்து அடாப்டர் சூடாகிறதே என்று கேட்பவர்கள்தான் அதிகம்.

எங்கள் தாளில் இப்படி இருக்கிறது. பாதையின் இடது பக்கம் இரண்டு சுருள், 4 ஆம்பியர். வலது பக்கமும் அப்படியே 4. அன்னதானக் கூடாரம் 2. மண்டபத்துக்கு வெளிச்சம் அதிகம் வேண்டும் என்பதால் 5050 சுருள் ஒன்று, அதை நடுவில் வெட்டி இரண்டு வரிசையாக்கி, 3 ஆம்பியர் வீதம் இரண்டு ரிலேயில் கொடுத்தேன். கோபுரத்து ஓரம் 2, ரதம் நிற்கிற இடம் 2, தீக்குழிப் பக்கம் 2. மொத்தம் எட்டு வரிசை, 22 ஆம்பியர்.

இதற்கு 30 ஆம்பியரில் பெரியதாக ஒரே பவர் சப்ளை வாங்கலாம்தான். நான் 10 ஆம்பியர் அடாப்டர் மூன்று வைத்திருக்கிறேன். முதலாவதில் இடது பாதை, கூடாரம், கோபுரம். இரண்டாவதில் வலது பாதை, ரதம், தீக்குழி. மூன்றாவதில் மண்டபம் மட்டும். ஒரு அடாப்டர் செத்தாலும் பாதையில் பாதி எரிந்துகொண்டிருக்கும், அதற்காகத்தான் இடதையும் வலதையும் பிரித்தது. எந்த அடாப்டரும் அதன் அளவில் 80 விழுக்காட்டைத் தாண்டவில்லை என்பதையும் கவனியுங்கள், நம் ஊர் வெக்கையில் விளிம்பு வரை ஓட்டினால் ராத்திரி பாதியில் நின்றுவிடும்.

ஒயர்

புதிதாக வருகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். 230 வோல்ட்டில் ஒயர் நீளத்தைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, 12 வோல்ட்டில் அது எல்லாவற்றையும் கெடுக்கும்.

1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 0.017 ஓம் தடை. விளக்கு 20 மீட்டர் தள்ளி இருந்தால் போக 20, வர 20, ஆக 40 மீட்டர் ஒயர், கிட்டத்தட்ட 0.7 ஓம். 2 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 1.4 வோல்ட் போய்விடும். 12இல் 1.4தானே என்று தோன்றும், ஆனால் வெள்ளை ஸ்ட்ரிப்பை உற்றுப் பாருங்கள், மூன்று எல்இடியும் ஒரு ரெசிஸ்டரும் ஒரு கூட்டமாக இருக்கும், வெட்டுகிற கோடும் மூன்று மூன்று பல்புக்கு ஒன்றாகத்தான் வரும். மூன்று எல்இடி சேர்ந்து 9 வோல்ட் பக்கம் எடுத்துக்கொள்ளும், ரெசிஸ்டருக்கு மிச்சம் 3 வோல்ட்தான், விளக்கில் ஓடுகிற கரண்டைத் தீர்மானிப்பது அந்த 3 வோல்ட். அதில் 1.4 குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும். 'புது ஸ்ட்ரிப் வாங்கினேன் மங்கலாக எரிகிறது' என்பதற்குப் பாதி நேரம் காரணம் ஸ்ட்ரிப் இல்லை, இந்த ஒயர்தான்.

அதனால் பாதைக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போடுங்கள், அதே 40 மீட்டருக்கு 0.3 ஓம் கூட வராது. அடாப்டரை விளக்குக்குக் கிட்டே கொண்டுபோக முடிந்தால் அதைவிட நல்லது. இரண்டு சுருளை வால் பிடித்து ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்காதீர்கள், ஸ்ட்ரிப்புக்குள் இருக்கிற செம்புத் தகடு தாள் மாதிரி மெல்லியது, ஒவ்வொரு 5 மீட்டருக்கும் தனியாக ஒயர் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். கடையில் செம்பு பூசின அலுமினிய ஒயர் மலிவாக வைத்திருப்பார்கள், அதன் தடை அதிகம். முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக வந்தால் அதுதான், வைத்துவிட்டு வாருங்கள்.

பியூஸ்

ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பியூஸ். விவாதமே வேண்டாம்.

ஒரு கோயிலில் நான் பார்த்தது இது. லாரி பேட்டரியில் இருந்து நேராக விளக்குக்கு ஒயர் இழுத்திருந்தார்கள், பியூஸ் இல்லை. பந்தலின் ஜிங்க் தகர விளிம்பு காற்றில் ஆடி ஆடி ஒயரின் தோலை அறுத்தது, இரண்டு ஒயரும் ஒட்டியது, அவ்வளவுதான், ஒயர் முழு நீளத்துக்கும் சிவந்து தோல் உருகிச் சொட்டியது. கீழே ஓலை. ஓடிப்போய்ப் பேட்டரி முனையைப் பிடுங்கினவருக்குக் கை வெந்துவிட்டது. பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தயங்காமல் கொடுக்கும், 12 வோல்ட்தானே என்று அது நினைக்காது.

கார் சாமான் கடையில் கிடைக்கிற தகடு பியூஸும் அதற்கான பெட்டியும் போதும். நிறத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்: ஊதா 3 ஆம்பியர், வெளிர் பழுப்பு 5, அடர் பழுப்பு 7.5, சிவப்பு 10. எங்கள் கணக்கில் 2 ஆம்பியர் வரிசைக்கு ஊதா, 3ம் 4ம் இழுக்கிற வரிசைக்கு வெளிர் பழுப்பு. பியூஸ் பெட்டி பாசிட்டிவ் ஒயரில், அடாப்டருக்கோ பேட்டரிக்கோ பக்கத்திலேயே இருக்க வேண்டும், விளக்குக்குப் பக்கத்தில் வைத்தால் நடுவில் இருக்கிற ஒயருக்குக் காவல் இல்லை. பியூஸ் போய்விட்டது என்று பெரிய பியூஸைப் போடுவதும் சிகரெட் தாள் சுற்றுவதும் கேட்டுப் பழகின கதை, தயவுசெய்து செய்யாதீர்கள், ஏன் போனது என்று ஒயர் வழியாக நடந்து போய்ப் பாருங்கள்.

ரிலேக்குள் என்ன நடக்கிறது

ரிலே என்பது கரண்ட் கொடுத்தால் தானாகத் தட்டப்படுகிற சுவிட்ச். உள்ளே ஒரு காயில் (சுருட்டி வைத்த செம்பு ஒயர்), அதில் கரண்ட் ஓடினால் காந்தமாகி ஒரு சின்ன இரும்புத் தகட்டை இழுக்கும், தகடு ஒரு முனையை விட்டு இன்னொரு முனையைத் தொடும், அந்த 'டிக்' சத்தம் அதுதான். காயிலுக்கும் விளக்குப் பக்கத்து முனைகளுக்கும் நடுவில் ஒயர்த் தொடர்பு கிடையாது, அதனால்தான் 5 வோல்ட் கணினிப் பக்கம் 12 வோல்ட் பக்கத்தில் இருந்து தப்பித்து நிற்கிறது.

விளக்குப் பக்கம் மூன்று திருகாணி இருக்கும். நடுவில் பொது முனை, காம் என்பார்கள். என்ஓ என்பது காயில் சும்மா இருக்கும்போது பொது முனையை விட்டு விலகி நிற்பது. என்சி என்பது காயில் சும்மா இருக்கும்போது பொது முனையைத் தொட்டுக்கொண்டிருப்பது. இந்த இரண்டையும் மனசில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள், இந்தக் கட்டுரையின் உயிர் அந்த என்சி திருகாணியில் இருக்கிறது.

எல்லோரும் வாங்குகிற நீல நிற ரிலேயின் தலையில் 250 வோல்ட் ஏசிக்கு 10 ஆம்பியர், 30 வோல்ட் டிசிக்கு 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். ஏசிக்கு 250 தாங்குவது டிசிக்கு ஏன் 30தான்? முனைகள் பிரியும்போது நடுவில் சின்னதாக ஒரு தீப்பொறி இழுபடும். நம் 50 ஹெர்ட்ஸ் ஏசி வினாடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு வரும், பொறி அந்த நேரத்தில் அணைந்துவிடும். டிசிக்குப் பூஜ்யமே கிடையாது, வோல்ட் அதிகமானால் பொறி எரிந்துகொண்டே இருந்து முனையைத் தின்னும், கடைசியில் இரண்டையும் ஒட்ட வைத்துவிடும். 12 வோல்ட்டுக்கு இந்த ரிலே நன்றாகத் தாங்கும், 24 வோல்ட் லாரி விளக்குக்கும் தாங்கும். வரிசையாகச் சேர்த்த சோலார் பலகைக்குப் போடாதீர்கள். 10 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் பலகையில் இருக்கிற செம்புக் கோடும் திருகாணியும் அந்த அளவுக்கு இல்லை, நான் ஒரு ரிலேக்கு 4 ஆம்பியருக்கு மேல் கொடுப்பதில்லை. எல்இடிக்குப் பதிலாகப் பழைய கார் பல்பு போடுகிறீர்கள் என்றால் இன்னும் குறையுங்கள், இழை குளிர்ந்திருக்கும்போது போட்ட கணத்தில் பத்து மடங்கு வரை கரண்ட் பாயும்.

விளக்கு மினுமினுக்க வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். ரிலே அதற்கு இல்லை. இந்த வகை ரிலே முழுச் சுமையில் ஒரு லட்சம் தடவைதான் தட்டும் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். வினாடிக்கு ஒருமுறை மினுக்கினால் அந்த ஒரு லட்சம் 28 மணி நேரத்தில் தீர்ந்துவிடும், இரண்டு ராத்திரித் திருவிழா. மினுக்கவும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கவும் மாஸ்ஃபெட் என்ற எலக்ட்ரானிக் சுவிட்ச் வேண்டும், ஐஆர்எல்இசட் 44 மாதிரி 5 வோல்ட்டில் திறக்கிற வகை. அது வேறு கட்டுரை.

போர்டும் கணினியும்

ஒரு காலத்தில் கணினியின் பின்பக்கம் 25 முள் பிரிண்டர் போர்ட் இருந்தது, அதன் 2இல் இருந்து 9 வரை எட்டு முள்ளும் எட்டு ரிலேயை ஆள உதவின. இப்போதைய மடிக்கணினியில் அது இல்லை, அதன் இடத்தில் ஆர்டுயினோ ஊனோ என்ற, புரோகிராம் ஏற்றி ஓட்டுகிற சின்னப் போர்டு ஒன்றை யூஎஸ்பியில் செருகிக்கொள்கிறோம். இதிலும் நான் பயன்படுத்துவது 2இல் இருந்து 9 வரை உள்ள முட்கள்தான். 0ம் 1ம் கணினியோடு பேசுவதற்கு, அவற்றைத் தொடாதீர்கள். 13இல் போர்டின் சொந்த விளக்கு இருக்கிறது, தொடங்கும்போது தானாக மினுக்கும், அதுவும் வேண்டாம்.

ஊனோவின் முள்ளில் ரிலேயை நேராக மாட்டக் கூடாது. 5 வோல்ட் ரிலேயின் காயில் 70 மில்லி ஆம்பியர் பக்கம் இழுக்கும், முள் கொடுக்க வேண்டியது 20, உச்ச வரம்பே 40. அதோடு காயிலை அணைக்கும்போது அதில் இருந்த காந்தம் சரிந்து ஒரு வோல்ட் குத்து வரும், அதை வேறு வழியில் திருப்பிவிடுகிற டையோடு இல்லையென்றால் அது முள்ளைக் கொன்றுவிடும். சொந்தமாகப் பலகை செய்கிறவர்கள் யூஎல்என் 2803 என்ற சில்லை நடுவில் வைக்கலாம், எட்டு வழியும் எட்டு டையோடும் உள்ளேயே இருக்கிறது. தொடக்கத்தில் இருப்பவர்கள் எட்டு ரிலேயும் ஆப்டோகப்ளரும் (ஒயர்த் தொடர்பு இல்லாமல் ஒளியால் கட்டளையைக் கடத்துகிற சில்லு) சேர்ந்து வருகிற பலகையையே வாங்குங்கள், சால்டர் வேலை மிச்சம்.

அந்தப் பலகையில் ஓரமாக ஒரு சின்ன ஜம்பர் தொப்பி இருக்கும், விசிசி (ஊனோப் பக்கத்துக் கரண்ட்), ஜேடி-விசிசி (காயில் பக்கத்துக் கரண்ட்) என்ற இரண்டு முள்ளைச் சேர்த்திருக்கும். அதைக் கழற்றுங்கள். எட்டு காயிலும் ஒன்றாக இழுத்தால் 560 மில்லி ஆம்பியர், யூஎஸ்பி 2.0 வாசல் கொடுக்கிறது 500. ஜம்பரோடு விட்டால் சில ரிலே வரை நன்றாக ஓடும், எல்லாவற்றையும் போட்டதும் கணினி யூஎஸ்பியையே அறுத்துவிடலாம், நீங்கள் மணிக்கணக்கில் புரோகிராமில் பிழை தேடிக்கொண்டிருப்பீர்கள். ஜேடி-விசிசிக்கும் அதன் பக்கத்து கிரவுண்டுக்கும் (0 வோல்ட் முனை) தனியாக ஒரு 5 வோல்ட் 2 ஆம்பியர் கைபேசிச் சார்ஜரில் இருந்து கொடுங்கள். ஊனோவின் 5 வோல்ட்டைப் பலகையின் விசிசியில் கொடுங்கள், எட்டு முள்ளையும் எட்டு உள்வாசலில் (இன்புட்) மாட்டுங்கள். ஊனோவின் கிரவுண்டைப் பலகைக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை, அப்போதுதான் ஆப்டோகப்ளர் உண்மையாகவே இரண்டு பக்கத்தையும் பிரிக்கும்.

இந்தப் பலகைகள் பெரும்பாலும் தலைகீழாக வேலை செய்யும், முள் 0 வோல்ட்டுக்கு இறங்கினால் ரிலே இழுக்கும், 5 வோல்ட்டில் விடும். இதனால் ஒரு தொல்லை. ஊனோவில் முள்ளை வெளிவாசல் (அவுட்புட்) என்று அறிவித்த கணத்தில் அது 0வில் நிற்கும், உடனே எட்டு ரிலேயும் டிக்கென்று இழுத்துவிட்டு விடும். அறிவிப்பதற்கு முந்தின வரியிலேயே 5 வோல்ட் நிலையை எழுதிவிடுங்கள், அப்புறம் வெளிவாசல் ஆக்குங்கள். இரண்டு வரியை இடம் மாற்றுவதுதான், சத்தம் நின்றுவிடும்.

கணினிக்கும் ஊனோவுக்கும் நடுவில் பேச்சு எளிமையாக இருக்கட்டும். நான் வைத்திருப்பது இரண்டு எண்தான்: முதல் எண் வரிசை, இரண்டாவது எண் 1 என்றால் காயில் இழு, 0 என்றால் விடு. 4 1 என்று அனுப்பினால் நாலாவது ரிலே இழுக்கும். வேகம் 9600 போதும். கணினிப் பக்கம் பைத்தான் புரோகிராம் மொழியில் சீரியல் நூலகத்தைப் போட்டு, எந்த நேரத்துக்கு எந்த வரிசை என்று ஒரு அட்டவணை, எட்டுப் பெரிய பொத்தான் கொண்ட ஒரு திரை, இவ்வளவுதான். போர்ட்டைத் திறந்ததும் ஊனோ தன்னைத்தானே மறுபடி தொடங்கும், அதனால் திறந்தபின் 2 வினாடி பொறுத்து முதல் கட்டளையை அனுப்புங்கள், ராத்திரி முழுக்கத் திறந்தே வைத்திருங்கள். ஒவ்வொரு கட்டளைக்கும் திறந்து மூடினால் ஒவ்வொரு தடவையும் எல்லா ரிலேயும் விழும்.

அட்டவணையில் பாதை விளக்கு நேரத்தை மாதத்துக்கு மாதம் மாற்ற வேண்டியதில்லை, நாம் பூமத்திய ரேகைக்குக் கிட்டே இருப்பதால் சூரியன் வருஷம் முழுக்க ஏழு, ஏழரை மணியை ஒட்டித்தான் மறைகிறது, நான் ஆறே முக்காலுக்கே போட்டுவிடுவேன். கரகமும் ரதமும் அட்டவணைப்படி கிளம்பாது, அவற்றுக்குப் பொத்தான்தான்.

கணினி நின்றால்

முதல் வருஷம் பாதை விளக்கை நான் என்ஓவில் மாட்டியிருந்தேன். ரிலே இழுத்தால் விளக்கு, விட்டால் இருட்டு. அதாவது விளக்கு எரிவதற்குக் கணினி, யூஎஸ்பி ஒயர், ஊனோ, 5 வோல்ட் சார்ஜர், காயில் ஐந்தும் உயிரோடு இருக்க வேண்டும்.

இப்போது பாதை இரண்டும் அன்னதானக் கூடாரமும் என்சியில் இருக்கின்றன. அடாப்டரின் பாசிட்டிவ் பியூஸ் வழியாகப் பொது முனைக்கு வருகிறது, என்சியில் இருந்து விளக்குக்குப் போகிறது, நெகட்டிவ் நேராக விளக்குக்கு. காயில் இழுத்தால்தான் விளக்கு அணையும். மேலே சொன்ன ஐந்தில் எது செத்தாலும் காயில் விட்டுவிடும், விளக்கு எரியும். மண்டபம், கோபுரம், ரதம், தீக்குழி என்ஓவிலேயே இருக்கட்டும், அவை அணைந்தால் அழகு குறையும், யாரும் தடுக்கி விழமாட்டார்கள். பகலில் பாதை விளக்கு எரியாமல் இருக்கக் காயிலை நாள் முழுக்க இழுத்து வைக்க வேண்டுமே என்று கேட்பீர்கள், வேண்டாம், பகலில் அடாப்டரையே கழற்றிவிடுங்கள்.

இன்னொன்று, கணினி சாகாமல் உறைந்துபோய்விடலாம், ஊனோவுக்குக் கரண்ட் இருக்கும், கடைசிக் கட்டளையிலேயே நின்றுவிடும். இதற்குக் கணினி இரண்டு வினாடிக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று 9 என்ற எண்ணை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ஊனோ தன் கடிகாரத்தில் பார்க்கும், 10 வினாடியாக ஒன்றும் வரவில்லை என்றால் எட்டு காயிலையும் விட்டுவிடும். அந்த நிலையில் பாதை எரியும், கூடாரம் எரியும், மற்றது அணையும். எந்தக் கோளாறு வந்தாலும் வந்து நிற்கிற இடம் இந்த ஒரே நிலைதான், அதனால் திருவிழாக் கூட்டத்தில் நின்று யோசிக்க வேண்டியதில்லை. மண்டப வரிசைகளுக்கு மட்டும் பொது முனைக்கும் என்ஓவுக்கும் குறுக்கே ஒரு சாதாரணக் கார் சுவிட்ச் வைத்திருக்கிறேன், கணினி போனால் பூசாரியே போட்டுக்கொள்வார்.

மடிக்கணினியில் தூக்கத்தை நிறுத்துங்கள், மூடியை மூடினாலும் ஒன்றும் செய்யாதே என்று வையுங்கள், தானாக வருகிற அப்டேட்டைத் தள்ளிப் போடுங்கள், யூஎஸ்பியின் மின்சேமிப்பை அணையுங்கள். யூஎஸ்பி ஒயர் 5 மீட்டரைத் தாண்டக் கூடாது, நான் 2 மீட்டரோடு நிறுத்தி மடிக்கணினியை ரிலேப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைக்கிறேன், தூரம் போக வேண்டியது விளக்கு ஒயர்தான்.

மிச்சம் இருப்பது கோயிலின் கரண்டே போவது. அப்பா காலத்தில் லயத்து வீடுகளுக்குத் தோட்டத்து ஜெனரேட்டர் கரண்ட்தான், இரவு பத்துக்கு நிறுத்திவிடுவார்களாம், திருவிழா அன்று மட்டும் நிறுத்த வேண்டாம் என்று துரையிடம் போய்க் கேட்பார்களாம். இப்போது இடி மழையில்தான் போகிறது. இதற்குக் கணினியே வேண்டாத ஒரு ரிலே போதும். லாரி சாமான் கடையில் ஐந்து முள் 12 வோல்ட் ரிலே கேட்டு வாங்குங்கள், முள்ளில் எண் போட்டிருக்கும். 85ம் 86ம் காயில், அவற்றை அடாப்டரின் 12 வோல்ட்டில் மாட்டுங்கள். 87இல் அடாப்டர் பாசிட்டிவ், 87ஏயில் கார் பேட்டரியின் பாசிட்டிவ், 30இல் இருந்து இடது பாதையின் பியூஸுக்கு. நெகட்டிவ் இரண்டையும் சேர்த்துவிடுங்கள். கரண்ட் இருக்கும் வரை காயில் இழுத்து அடாப்டரைப் பிடித்திருக்கும், போன கணத்தில் விட்டுப் பேட்டரிக்கு மாறும், கண் இமைக்கிற நேரம்தான் இருட்டு. 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியை மட்டும் எடுத்தாலும் 4 ஆம்பியருக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வரும். பேட்டரி முனையில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ், மறக்காதீர்கள். பகலில் அடாப்டரைக் கழற்றும்போது இந்தப் பியூஸையும் கழற்றுங்கள், இல்லையென்றால் இடது பாதை பேட்டரியில் எரிந்துகொண்டிருக்கும்.

பெட்டி

ரப்பர் அடைப்பு வைத்த பிளாஸ்டிக் பெட்டி, ஒயர் நுழைகிற இடத்தில் இறுக்கித் திருகுகிற கிளாண்ட், எல்லா ஒயரும் கீழ்ப்பக்கத்தில் இருந்து நுழைய வேண்டும், மேலே ஓட்டை போட்டால் மழைத் தண்ணீர் ஒயர் வழியாகவே இறங்கும். செம்பனைக்கு நடுவில் இருக்கிற கோயில்களில் மழையைவிடப் பெரிய எதிரி எறும்பும் பல்லியும். ரிலேயின் சூட்டுக்கு எறும்பு வரும், எறும்புக்குப் பல்லி வரும், திருகாணிகளுக்கு நடுவில் செத்த பல்லியை நான் எடுத்திருக்கிறேன். பயன்படாத ஓட்டை ஒன்றுகூடத் திறந்திருக்கக் கூடாது. அடாப்டர்களை இந்தப் பெட்டிக்குள் அடைக்காதீர்கள், சூடு போக இடம் இல்லாமல் செத்துவிடும், கூரைக்குக் கீழே தனியாக வையுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

வீட்டில், மேசையில், விளக்கே இல்லாமல் தொடங்குங்கள். ஒவ்வொரு ரிலேயாக இழுக்கச் சொல்லிச் சத்தத்தைக் கேளுங்கள், மல்டிமீட்டரைச் சத்தம் போடுகிற நிலையில் வைத்துப் பொது முனைக்கும் என்சிக்கும், பொது முனைக்கும் என்ஓவுக்கும் மாற்றி மாற்றித் தொட்டுப் பாருங்கள். பலகையில் எழுதியிருப்பது தேய்ந்து போயிருந்தாலும் மீட்டர் பொய் சொல்லாது. அப்புறம் ஒரே ஒரு துண்டு ஸ்ட்ரிப்பை மாட்டி, புரோகிராம் ஓடும்போதே யூஎஸ்பியைப் பிடுங்குங்கள். பாதை வரிசை எரிய வேண்டும். 5 வோல்ட் சார்ஜரைப் பிடுங்குங்கள். எரிய வேண்டும். புரோகிராமை நடுவில் நிறுத்திப் பத்து வரை எண்ணுங்கள். எரிய வேண்டும். இந்த மூன்றையும் பார்க்காமல் கோயிலுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கோயிலில் எல்லாம் கட்டின பிறகு இரண்டு மணி நேரம் முழு விளக்கோடு ஓடவிட்டு ஒவ்வொரு திருகாணிக்குப் பக்கத்திலும் ஒயரைக் கையால் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கிற இடத்தில் திருகாணி தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம், அடாப்டரைக் கழற்றிவிட்டு இறுக்குங்கள். ஒவ்வொரு வரிசையின் கடைசி விளக்கிலும் வோல்ட்டை அளந்து தாளில் எழுதுங்கள், 11க்குக் கீழே இருந்தால் ஒயரை மாற்றுங்கள். பெட்டியின் மூடிக்கு உட்பக்கம் எட்டு வரிசையின் பெயரையும் பியூஸ் நிறத்தையும் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், நீங்கள் இல்லாத நேரத்தில் அதைத் திறக்கப் போகிறவர் கோயில் செயலாளராகவோ சமையல் அண்ணனாகவோ இருக்கலாம்.

இடி இடிக்கத் தொடங்கினால் மண்டப அடாப்டரைச் சாக்கெட்டில் இருந்து கழற்றிவிடுங்கள், பாதைக்குப் பேட்டரி இருந்தால் பாதை அடாப்டரையும் கழற்றலாம். திருவிழா முடிந்த மறுநாள் முதலில் பேட்டரி ஒயர், அப்புறம் அடாப்டர், அதற்குப் பிறகுதான் ஸ்ட்ரிப். ஒவ்வொரு ஒயரிலும் வரிசை எண்ணை ஒட்டி, பெரிய வட்டமாகச் சுற்றி, பியூஸைக் கழற்றித் தனிப் பையில் போட்டு, பெட்டிக்குள் இரண்டு பொட்டலம் சிலிக்கா ஜெல் வைத்து மூடுங்கள்.